மூன்றில் ஒரு பங்கு

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களிடம் அவளுடைய பெயரைச் சொன்னால் யார் என்று விழிப்பார்கள். ‘அரை மார்க்’ என்று சொல்லிப் பாருங்கள், “ஐயோ, அவங்களா!” என்பார்கள். முதல் வருடக் கணிதத்தை அவளிடம் படிக்காமல் அங்கிருந்து யாரும் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட முடியாது. ஒரு தப்புக்கு ஒரு மார்க் குறைப்பது அநியாயம், குறைக்காமல் விடுவதும் அநியாயம் என்று தோன்றினால் அரை மார்க் குறைப்பாள். சும்மா குறைக்க மாட்டாள். ஏன் குறைத்தேன் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியும் வைப்பாள். விடைத்தாளில் பையன்கள் எழுதியதைவிட அவள் எழுதியதுதான் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. ரொம்ப மிகை இல்லை.

அவளும் அங்கேயே படித்தவள்தான். தபால்காரர் மகள். பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பிலும் முதல். அவள் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பள்ளிக்கூட வாசலிலேயே மாட்டிவிட்டார்கள். நாடு முழுவதும் இப்படி வாசலில் மாட்டப்பட்ட முகங்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து ஒரே வகுப்பில் உட்காரவைக்கிற இடம் அது என்பது முதல் பரீட்சை முடிந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. நூற்றுக்கு இருபத்தெட்டு. விடுதிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். பக்கத்து அறைகளிலும் குழாய்கள் திறந்தே இருந்தன. யாரும் குளிக்கவில்லை.

அப்போது அந்தப் பாடத்தை நடத்தியவருக்கு ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். அவர் கையால் ‘ஏ’ வாங்கியவர் யாரையும் அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. வருடக் கடைசியில் அவளுக்கு ‘சி’ போட்டார். வீட்டில் அதைச் சொன்னதும் அப்பா அவள் தலையைத் தடவி, “பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார்.

“அப்பா, இதுக்குப் போய் ஆறுதல் சொல்லாதீங்க. பாதி கிளாஸ் ஃபெயிலு!” என்று கத்தினாள்.

அந்த ‘சி’யை அவள் கடைசிவரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டாள். உனக்கு இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் தெரியாது என்று முதல் தடவையாக ஒருவர் முகத்துக்கு நேரே பொய் கலக்காமல் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கைதட்டல்தான். கைதட்டலை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது.

மேலே படித்து முடித்து, அதே துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். கல்யாணமும் ஆயிற்று. கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாந்தமான மனிதர். பேச்சில் குறும்பு உண்டு. குழந்தை இல்லை. “வருஷத்துக்குத் தொண்ணூறு பிள்ளைங்களைத் திட்டறாளே, வீட்டுக்கு வேற ஒண்ணு எதுக்கு?” என்று சொல்லி, கேட்பவர்களின் வாயை அவர் அடைத்துவிடுவார். உள்ளே அவருக்கு அது ஒரு குறைதான். அவளுக்கும்தான்.

அங்கே காலம் மாறியது எப்போது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பாடம் முடிந்ததும் ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் மதிப்பெண் போடுகிற முறை வந்தது. தாராளமாக ‘ஏ’ போட்டவருக்கு மாணவர்களும் தாராளமாகப் போட்டார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இதைப் பார்த்து அடுத்தவரும் கையைத் தளர்த்தினார். அப்புறம் வெள்ளம் மாதிரிதான். சில வருடங்களில் ‘பி’ வாங்கிய பையன் வீட்டிலிருந்து அம்மாவும் அப்பாவும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு துறை வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அவளுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் துறைத்தலைவர் ஆனார். அவள் விரிவுரையாளராகவே இருந்தாள். விருப்பப் பாடம் எதற்கும் அவளிடம் ஆள் சேரவில்லை. அதனால்தான் யாரும் தப்பித்து ஓட முடியாத முதல் வருடக் கட்டாயப் பாடத்தை அவளிடம் தள்ளிவிட்டார்கள்.

வருடா வருடம் கல்விக்குழுக் கூட்டத்தில் அவள் எழுந்து அதையே சொன்னாள். “விடைத்தாள்ல இருக்கறதுக்கு மார்க் போடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் ஏ குடுங்க, எனக்கு சந்தோஷம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.” அவள் எழுந்தாலே டீ வரப்போகிறது என்று அர்த்தம் என்று பின்வரிசையில் ஒரு கேலி இருந்தது. அவள் பேசும்போதுதான் ஆட்கள் எழுந்து கால் நீட்டிக்கொள்வார்கள்.

வீட்டில் வந்து பொருமினால் கணவர் கேட்டுக்கொள்வார். “நியாயந்தானே! கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் கண்ணு பிரமாதம்னு நான் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? முதல்ல நான் கடையை மூடணும். அப்புறம் அவங்க போய்ச் சுவத்துல முட்டணும்” என்பார். அவள் சிரித்துவிடுவாள். அவருக்குக் காரியம் முடிந்தது.

திடீரென்று காற்று திசை மாறியது. பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கிற கம்பெனிகள், உங்கள் சான்றிதழை வைத்து ஒருவனையும் இன்னொருவனையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று முகம் சுளித்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி மேசை பரீட்சை எழுதினாலும் ‘ஏ’ கிடைக்கும் என்று ஒரு பத்திரிகை கிண்டலடித்தது. மேலிடத்துக்குச் சுருக்கென்று தைத்தது. அவசரமாக ஒரு குழு போட்டார்கள். அந்த வருடக் கல்விக்குழுக் கூட்டத்தில் துறைத்தலைவரே எழுந்து, “இத்தனை வருஷமா நம்மள்ல ஒரே ஒருத்தங்கதான் இதைச் சொல்லிட்டு வந்தாங்க. நாமதான் காதுல வாங்கலை” என்று அவள் பக்கம் கையைக் காட்டினார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. பின்வரிசையும் தட்டியது.

அவள் முன்னால் தீர்மானத்தின் நகல் இருந்தது. ‘எந்த வகுப்பிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஏ வழங்கலாகாது.’ அவள் கேட்டது இது இல்லை. இத்தனை பேருக்குத்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எழுந்து சொல்லலாம் என்று விரலைப் பாதி தூக்கினாள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அத்தனை வருடங்களில் அந்த மண்டபத்தில் அவளுக்காக யாரும் கை தட்டியதில்லை. ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலை என்று நினைத்தாள். விரல் மடங்கிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

அவள் அறைக்கு வெளியே தாழ்வாரச் சுவர் நெடுகக் கரும்பலகை ஒன்று உண்டு. பரீட்சை நெருங்கினால் அதன் முன்னால் கூட்டம் கூடும். ஒருவன் எழுதுவான், நாலு பேர் தப்பு சொல்வார்கள், சாக்பீஸைப் பிடுங்கி இன்னொருத்தி எழுதுவாள். அந்தச் சத்தத்தைக் கதவுக்கு உள்ளே இருந்து கேட்பதுதான் வேலையிலேயே அவளுக்குப் பிடித்த பகுதி. ‘ஏ’ வெள்ளமாக ஓடிய காலத்தில்கூட அந்தக் கூட்டம் குறையவில்லை. புது விதி வந்த வருடம் பலகை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நூலகத்தில் முக்கியமான புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை யாரோ பிளேடு வைத்து அறுத்திருந்தார்கள். வகுப்பில் ஒருவன் சந்தேகம் கேட்டால் மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இவன் விழுந்தால் நமக்கு ஒரு இடம் காலி என்கிற பார்வை அது.

இரண்டு பெண்கள் மட்டும் பலகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். விடுதியில் ஒரே அறைக்காரிகள். ஒருத்தியை எல்லோரும் நெட்டை என்றார்கள், மற்றவளைச் சின்னவள் என்றார்கள். நெட்டைக்கு வேகம் அதிகம். சின்னவள் பஸ் டிரைவர் மகள், நிதானம், பிடிவாதம். ஒரு கணக்கைப் பிடித்தால் விட மாட்டாள். நெட்டை எழுதிக்கொண்டே போகும்போது சின்னவள் பின்னால் நின்று அதட்டுவது கதவுக்கு உள்ளே கேட்கும்: “ஏய், நில்லு. கீழ இருக்கறது பூஜ்யமில்லைன்னு எழுதினியாடி? எழுதாம வகுத்தா எப்படி?”

“எழுதறேன் தாயே, எழுதறேன். ‘அரை மார்க்’ மேடத்துக்கே நீ பாட்டி மாதிரி இருக்க.”

உள்ளே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பரீட்சை வந்தது. அந்த வருடப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். திருத்தத் திருத்த அவளுக்கு ஆச்சரியம். தொண்ணூறு பேரில் ஐம்பது பேருக்காவது அவள் மனசாட்சிப்படியே ‘ஏ’ போடலாம். முப்பதுக்கு மேல் முடியாது. சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களை மார்க் வரிசையில் அடுக்கி, முப்பதாவதுக்கும் முப்பத்தோராவதுக்கும் நடுவில் அடிக்கோலை வைத்தாள். இரண்டுக்கும் அரை மார்க் வித்தியாசம். மேலே இருந்தது நெட்டையின் கையெழுத்து. கீழே சின்னவளுடையது.

ஒன்பதாவது கேள்வியில்தான் அந்த அரை. இருவர் எழுதிய வழியும் ஒன்று. அது சின்னவள் கண்டுபிடித்த வழி, பலகையில் அவள் நெட்டைக்குச் சொல்லிக்கொடுத்ததை இவளே கேட்டிருக்கிறாள். நெட்டை தாளில் வகுப்பதற்கு முன்னால் ‘இது பூஜ்யமல்ல’ என்று ஒரு வரி இருந்தது. சின்னவள் தாளில் இல்லை. அவசரத்தில் விட்டிருக்கிறாள். அந்த இடத்தின் ஓரத்தில் இவள்தான் தன் கையாலேயே அரை குறைத்துக் காரணமும் எழுதியிருந்தாள்.

முன்பெல்லாம் இந்த அரையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கன்னத்தில் லேசாகத் தட்டிச் சொல்வது போல. இருவருமே ‘ஏ’ வாங்கியிருப்பார்கள். இப்போது ‘ஏ’ இல்லாவிட்டால் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்க முடியாது.

கணவர் கடையை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அரைதானேம்மா. போட்டுவிடேன்” என்றார்.

“போட்டா இதே தப்புப் பண்ணின எல்லாருக்கும் போடணுங்க. எட்டொம்பது பேர் இருக்காங்க.”

“போடு.”

“அவங்கள்ல மூணு பேர் முப்பதாவது ஆளுக்குச் சமமா வந்துடுவாங்க, அவங்களுக்கும் ஏ குடுக்கணும். அப்ப மேல இருக்கற மூணு பேர் கீழ வரணும். அவங்க சரியா எழுதினவங்க.”

அவர் அடிக்கோலை விரலால் தட்டினார். “அப்ப இதுக்குப் பேரு பரீட்சையா? பஸ்ஸுல சீட்டு பிடிக்கற மாதிரில்ல இருக்கு” என்றார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. சோறு ஆறிப்போயிற்று. இருவருக்கும் அது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அரையை அவள் போடவில்லை.

முடிவு வெளியான பிறகு சின்னவள் அறைக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். நின்றுகொண்டே ஒன்பதாவது கேள்வியைப் படித்தாள், ஓரத்தில் இருந்த பொடி எழுத்தையும் படித்தாள்.

“சரிதான் மேடம். நான் எழுதலை.”

“உட்காரும்மா.”

“இல்ல மேடம். ஒண்ணு கேக்கலாமா? ‘பி’ன்னா எனக்குக் கணக்கு வராதுன்னு அர்த்தமா?”

“இல்லவே இல்ல. யார் சொன்னா அப்படி?”

“அப்ப ‘பி’ன்னா என்ன மேடம் அர்த்தம்?”

 இருபத்தெட்டு மார்க்குக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ‘சி’க்குத் தெரியும். இந்த ‘பி’க்குத் தெரியவில்லை. உனக்கு மேலே முப்பது பேர் இருந்தார்கள் என்று அர்த்தம். வேறு வருடம் பிறந்திருந்தால் இது ‘ஏ’ என்று அர்த்தம். இதையெல்லாம் ஒரு ஆசிரியர் வாயால் எப்படிச் சொல்வது?  சின்னவள் விடைத்தாளை மேசை விளிம்புக்கு நேராகப் பார்த்து வைத்துவிட்டு, “தேங்க்ஸ் மேடம்” என்று போய்விட்டாள்.

அன்றைக்கே அவள் துறைத்தலைவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாலு பேர் முன்னால் அவரை ‘சார்’ என்பாள். தனியாக இருந்தால் பழைய பெஞ்சுத் தோழன்தான்.

“எனக்கு இன்னும் இருபது ஏ வேணும்.”

“எனக்கும்தான் வேணும். கம்ப்யூட்டர் வாங்காது. முப்பத்தொண்ணாவது ஏ அடிச்சா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடும். பாக்கறியா?”

“தெரிஞ்ச பிள்ளைக்குத் தெரியலைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். தெரியுதா உனக்கு?”

“நீ கேட்டதுதானே?”

“நான் கேட்டது இது இல்ல.”

“அன்னிக்குக் கை தட்டினப்பவே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காத. இப்ப இதை மாத்தணும்னு நான் எழுதினா, பழையபடி வாரி வழங்கப் பாக்கறாங்கன்னு பேப்பர்ல போடுவான். மேல ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். எனக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருக்கு. உனக்கும்தான்.”

அவள் அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த பருவத்தில் வினாத்தாளை எளிதாக்கிப் பார்த்தாள். எல்லோரும் நூற்றை ஒட்டி வாங்கினார்கள். ஒரு கமாவை விட்டவன் ‘பி’ ஆனான். அதற்கு அடுத்ததில் சிடுமூஞ்சியே மிரளும்படி கடினமாக்கினாள். அந்தத் தடவை நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கியவனுக்கெல்லாம் ‘ஏ’ போயிற்று. பாதிப் பாடம் தெரியாது, கையில் ‘ஏ’. அவனே வெட்கப்பட்டான். எப்படித் திருத்தினாலும், எப்படிக் கேட்டாலும் மூன்றில் ஒரு பங்குதான். அவள் இத்தனை வருடம் ஓரத்தில் எழுதிவந்த காரணங்களுக்கும் மேலே விழுகிற எழுத்துக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. முன்னால் எல்லோருக்கும் ‘ஏ’ என்பதால் அதற்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. இப்போது சிலருக்குத்தான் ‘ஏ’, ஆனால் அர்த்தம் திரும்பி வரவில்லை.

கல்விக்குழுவில் எழுந்து சொன்னாள். விதியை ரத்து செய்யுங்கள், விடைத்தாளைப் பாருங்கள் என்றாள். பழைய பேச்சுதான், ஒரு சொல் மாறவில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் மாணவர்களுக்கு இளகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். “வயசாச்சுன்னா எல்லாருக்கும் மனசு கரையும் மேடம்” என்று ஒரு இளைய பேராசிரியர் அன்பாகவே சொன்னார். பத்திரிகைகள் பாராட்டிவிட்டன, கம்பெனிகள் திருப்தி தெரிவித்துவிட்டன. ஓட்டெடுப்பில் அவள் கை மட்டும் உயர்ந்தது. துறைத்தலைவர் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் வணிகப் பிரிவுக்கு மாறிப்போனாள். அங்கே நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்வி. ஒருநாள் தாழ்வாரத்தில் எதிரே வந்தவள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள், நிற்கவில்லை. நெட்டை கணிதத்திலேயே இருந்தாள், முதல் ஆளாகவும் வந்தாள். வெளியூரில் மேல்படிப்புக்குப் பரிந்துரை கேட்டு ஒருநாள் வந்தபோது, “அவ எப்படிம்மா இருக்கா?” என்று கேட்டாள் இவள்.

“தெரியல மேடம். நான் ரூம் மாத்திட்டேன்.”

“ஏன், சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல மேடம். அந்த ரிசல்ட்டுக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தா என்னமோ மாதிரி இருந்துச்சு. அவ ஒண்ணுமே சொல்லலை. சொல்லியிருந்தா பரவாயில்ல. இப்பல்லாம் நான் தனியாத்தான் படிக்கறேன். அதுதான் சேஃப்” என்றாள்.

தனியாகப் படித்தாலும் நெட்டையின் கணக்குகளில் பழைய துடிப்பு இல்லை என்பது இவளுக்குத் தெரிந்தது. எதையும் புதிதாக முயன்று பார்ப்பதில்லை. தப்பாகப் போக வாய்ப்பில்லாத வழிகளில் மட்டும் போனாள். பரிந்துரையில் அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதவில்லை.

கணவர் வேலையை விட்டுவிடச் சொன்னார். “கடைக்கு வந்து உட்காரு. ஃப்ரேம் எடுத்துக் குடு. பொழுது போகும்.” விட்டுவிட்டால் அந்த இடத்துக்கு வருகிறவர் ஓரத்தில் காரணம்கூட எழுத மாட்டார் என்றாள். “இப்ப எழுதறியே, யாராவது படிக்கறாங்களா?” என்றார் அவர். நோகடிக்கக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முடிவு வந்ததும் விடைத்தாளைப் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த கல்வி ஆண்டு தொடங்கியது. புதுப் பிள்ளைகள், எந்தெந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களிலிருந்தோ வந்தவர்கள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பாடத்தை அறிமுகப்படுத்திவிட்டு, ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டாள். மூன்றாவது வரிசையில் ஒருவன் உடனே கை தூக்கினான். அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“கேளுப்பா.”

“மேடம், இந்தக் கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேர்?”

அவள் வருகைப் பதிவைப் பார்த்துச் சொன்னாள். “தொண்ணூத்தாறு.”

 வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்து மூன்றால் வகுத்தது. பிறகு ஒருவரையொருவர் முதல் தடவையாக நன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பி முதல் வரையறையை எழுத ஆரம்பித்தாள்.